வக்கீல் நியூ ஜெர்சி, வழக்கு டெக்சாஸ்: அமெரிக்க அரசு மேல் கேஸ் போட வெளிமாநில வக்கீல் வரலாமா?

பிளேனோவாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடியுரிமைக்கு என்-400 போட்டு, நேர்காணலும் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. ஆங்கிலம், வரலாறு எல்லாம் பாஸ். அதிகாரி சிரித்த முகத்தோடு "முடிவு தபாலில் வரும்" என்றார். இதுவரை தபாலில் வந்தது பீட்சா கூப்பன் மட்டும்தான்.

என் வக்கீலம்மா நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறார். எச்-1பி காலத்திலிருந்து கிரீன் கார்டு வரை பன்னிரண்டு வருடமாக அவர்தான் பார்த்தார். நேரில் சந்தித்தது இரண்டே தடவை. இப்போது "ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டால்தான் ஃபைல் நகரும்" என்கிறார். சரி என்றேன். அப்புறம் அவர் ஆபீஸிலிருந்து வந்த மெயிலைப் பார்த்துத்தான் தலை சுற்றியது. டெக்சாஸ் ஃபெடரல் கோர்ட்டில் அவர் பதிவு செய்தவர் இல்லையாம். "ப்ரோ ஹாக் விசே" என்று ஒரு மனு போட வேண்டுமாம். அது போதாதென்று, டாலஸ் கோர்ட் விதிப்படி 50 மைலுக்குள் இருக்கும் லோக்கல் கவுன்சல், அதாவது உள்ளூர் வக்கீல், ஒருவரையும் வைக்க வேண்டுமாம். அவருக்குத் தனி ஃபீஸ்.

என் கேள்வி இதுதான். டெக்சாஸில், டாலஸ் பக்கத்துப் பிளேனோவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு நியூ ஜெர்சியிலிருந்தே இத்தனை வருடம் எல்லாம் செய்தவரால் இப்போது மட்டும் ஏன் முடியாது? மத்திய அரசு, மத்தியச் சட்டம், மத்திய நீதிமன்றம். இதில் மாநில எல்லை எங்கிருந்து முளைத்தது? இது நடைமுறையா, இல்லை என் தலையில் மிளகாய் அரைக்கிறார்களா?

கேரி அக்கா

தம்பி, முதலில் ஒரு அறிமுகம். நான் வட கரோலினாவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பாராலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியாளர். வக்கீல் இல்லை. நான் எழுதுவதைச் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பக்கத்து வீட்டு அக்கா சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய் அரைக்கவில்லை. இரண்டு வேறு வேறு கதவுகள் இருக்கின்றன, அவ்வளவுதான். குடிவரவுத் துறை ஒரு கதவு. அங்கே எந்த மாநிலத்தில் உரிமம் வாங்கிய வக்கீலும் நாடு முழுக்க யாருக்காகவும் மனுப் போடலாம். அந்தத் துறையின் விதிகளே அப்படித்தான் சொல்கின்றன. குடிவரவு நீதிமன்றம் என்று சொல்கிறோமே, அதுவும் உண்மையில் நீதித் துறை அமைச்சகத்தின் கீழ் வருவதுதான், அங்கேயும் இதே கதை. அதனால்தான் எடிசன் வக்கீல் பிளேனோக்காரருக்கு வேலை பார்க்க முடிந்தது.

நீங்கள் அந்தத் துறையின் மேலேயே வழக்குப் போடும்போது இரண்டாவது கதவுக்கு வருகிறீர்கள். அது ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம். நம் ஊர் ஜில்லா கோர்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது மத்திய நீதிமன்றங்களின் முதல் படி. நாடு முழுவதும் 94 இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் வக்கீல் பட்டியலைத் தானே வைத்திருக்கிறது. யாரைச் சேர்ப்பது என்பதற்கும் தனித்தனி விதி. சில கோர்ட்டுகள் எந்த மாநில உரிமம் இருந்தாலும் சேர்த்துக்கொள்ளும். பல கோர்ட்டுகள் "இந்த மாநிலத்து பாரில் (வக்கீல் பதிவில்) இருந்தால்தான் உள்ளே" என்று சொல்லும். பட்டியலில் இல்லாதவர் "இந்த ஒரு வழக்குக்கு மட்டும் அனுமதியுங்கள்" என்று கேட்பதுதான் ப்ரோ ஹாக் விசே. லத்தீனில் ஏறக்குறைய அதே அர்த்தம்தான்.

வக்காலத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மட்டும் போதாது என்பது இங்கே பல பேருக்குத் தெரிவதில்லை.

வைகைக்கரை வக்கீல்

மதுரையிலிருந்து ஒரு கும்பிடு. நான் இங்கே பிராக்டிஸ் செய்கிறவன், அமெரிக்காவில் இருக்கும் மகனைப் பார்க்க வந்தபோது இந்தக் களத்தில் சேர்ந்தேன்.

எங்களுக்கு வழக்கறிஞர் சட்டம் 1961. அதன் 30-ஆவது பிரிவு, எந்த மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்தவரும் இந்தியா முழுக்க ஆஜராகலாம் என்கிறது. வேடிக்கை என்னவென்றால், 61-இல் எழுதிய பிரிவை அமலுக்குக் கொண்டுவந்தது 2011 ஜூனில். ஐம்பது வருடம் தூங்கியது. எழுந்த பிறகும் முழுச் சுதந்திரம் இல்லை. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில், அங்கே பட்டியலில் இல்லாத வக்கீல் உள்ளூர் வக்கீல் ஒருவரோடு சேர்ந்துதான் ஆஜராக முடியும். அதை எதிர்த்துப் போனார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம் "விதி செல்லும்" என்று சொல்லிவிட்டது. சம்மன், நோட்டீஸ் என்று வந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் ஒருவர் வேண்டாமா என்பதுதான் வாதம்.

ஆகவே அமெரிக்காக்காரன் மட்டும் செய்கிற கொடுமை இல்லை இது.

நம்பர்1டோல்கேட்

திருச்சிக்காரர்களுக்கு என் பெயர் புரியும். டோல்கேட்டில் வளர்ந்தவன், சுங்கம் எங்கே வசூலித்தாலும் கண்ணில் படும். இது சுங்கமேதான்.

அக்கா நடைமுறையைச் சொன்னார், சரி. ஆனால் எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். வழக்கு அரசு மேல். அமெரிக்கச் சட்டத் தொகுப்பில் 28-ஆவது தலைப்பு, 517-ஆவது பிரிவு. நீதித் துறை அமைச்சகத்தின் தலைவரான அட்டர்னி ஜெனரல் தன் அமைச்சகத்தின் எந்த அதிகாரியையும் எந்த மாநிலத்துக்கும் எந்த மாவட்டத்துக்கும் அனுப்பி அரசின் நலனைக் கவனிக்கச் சொல்லலாம். வாஷிங்டனிலிருந்து விமானம் ஏறி வருகிற அரசு வக்கீலிடம் யாரும் "நீ இந்த ஊர்ப் பட்டியலில் இருக்கிறாயா, உன்னோடு லோக்கல் கவுன்சல் வந்திருக்கிறாரா" என்று கேட்பதில்லை. பல கோர்ட்டுகளின் உள்விதியிலேயே அவர்களுக்கு விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். பிளேனோவாசியின் வக்கீல் மட்டும் சான்றிதழ், கட்டணம், 50 மைல் என்று அலைய வேண்டும். ஒரே வழக்கு, இரண்டு வக்கீல், இரண்டு வாசல்.

இந்தத் தடுப்புகளுக்கு நல்ல வரலாறும் இல்லை. அறுபதுகளில் மிசிசிப்பியில் கறுப்பினக் குழந்தைகளுக்காகப் பள்ளிப் பிரிவினை வழக்கை எடுத்து நடத்த உள்ளூரில் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு. வெளி மாநிலத்திலிருந்து வந்த சிவில் உரிமை இயக்க வக்கீல்களை அங்கிருந்த ஃபெடரல் கோர்ட் உள்விதியைக் காட்டித் தடுத்தது. 1968-இல் ஐந்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 'சாண்டர்ஸ் எதிர் ரஸ்ஸல்' வழக்கில் அது கூடாது என்று தீர்ப்பளித்தது. பூட்டு போட்டவன் உள்ளே இருப்பவனைக் காப்பாற்றத்தான் போட்டான் என்று எப்போதும் நம்ப முடியாது.

கேரி அக்கா

டோல்கேட் தம்பி, சாண்டர்ஸ் விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. 517 விஷயத்தில் பாதி உண்மையைத்தான் சொன்னீர்கள். அதே 28-ஆவது தலைப்பில் 545-ஐப் படியுங்கள். வாஷிங்டன், நியூயார்க்கின் இரண்டு மாவட்டங்கள் தவிர, யு.எஸ். அட்டர்னி, அதாவது ஒவ்வொரு மாவட்டத்திலும் மத்திய அரசின் தலைமை வக்கீல், தன் மாவட்டத்தில்தான் குடியிருக்க வேண்டும். அவருடைய உதவி வக்கீல்கள் மாவட்டத்துக்குள்ளோ அதிலிருந்து 25 மைலுக்குள்ளோ இருக்க வேண்டும். அதாவது சாதாரண வழக்கில் அரசு சார்பில் வருகிறவர் அசல் உள்ளூர் ஆள். நீதிபதிக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று அவருக்கு அத்துப்படி. வெளியூர் ஆள் நீங்கள்தான். உங்கள் பக்கத்திலும் அந்த ஊர்க் காற்று தெரிந்த ஒருவர் இருப்பது நல்லதுதானே?

இன்னொன்று, 530பி என்று ஒரு பிரிவு. 1998-இல் வந்தது. அரசு வக்கீல் எந்த மாநிலத்தில் வேலை பார்க்கிறாரோ அந்த மாநிலத்தின் வக்கீல் ஒழுக்க விதிகளுக்கும், அங்குள்ள ஃபெடரல் கோர்ட்டின் விதிகளுக்கும் கட்டுப்பட வேண்டும். ஆகவே அவர்களை அவிழ்த்துவிட்ட காளையாக நினைக்க வேண்டாம்.

இப்போது என் ஊர்க் கதை. இங்கே நாங்கள் மூன்று வருடத்துக்கு மேலாக இதிலேயே மூழ்கிக் கிடக்கிறோம்.

கேம்ப் லஜூன் என்பது வட கரோலினாவின் ஜாக்சன்வில் பக்கத்தில் உள்ள மரீன் படைத்தளம். 1953 ஆகஸ்டிலிருந்து 1987 முடிவு வரை அங்கே குடித்த, குளித்த தண்ணீரில் டிரைகுளோரோஎத்திலீன், பென்சீன் போன்ற ரசாயனங்கள் கலந்திருந்தன. படைவீரர்கள் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு நாடு முழுக்கச் சிதறிப் போகிறவர்கள். புற்றுநோய் வந்து தெரியும்போது ஒருவர் ஓஹையோவில், ஒருவர் ஃப்ளோரிடாவில். முன்பு வழக்குப் போட்டுப் பார்த்தார்கள். அதையெல்லாம் ஜார்ஜியாவில் ஒரே கோர்ட்டில் திரட்டி விசாரித்து, 2016 டிசம்பரில் தள்ளுபடி செய்தார்கள். சம்பவம் நடந்து பத்து வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று வட கரோலினா மாநிலச் சட்டத்தில் இருந்த வரம்பு கழுத்தைப் பிடித்தது.

அப்புறம் 2022 ஆகஸ்ட் 10-இல் காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டது. குறைந்தது 30 நாள் அந்தத் தண்ணீருக்கு ஆட்பட்டவர் அமெரிக்க அரசு மேல் வழக்குப் போடலாம், பழைய பத்து வருட வரம்பு பொருந்தாது என்றது (புதிதாகக் கோருவதற்கான கெடு 2024 ஆகஸ்டில் முடிந்துவிட்டது). ஆனால் ஒரே ஒரு கோர்ட்டில்தான் போடலாம்: வட கரோலினா கிழக்கு மாவட்டம். கலிஃபோர்னியாவில் குடியிருந்தாலும், அவர் வக்கீல் சிகாகோவில் இருந்தாலும், எல்லோரும் எங்கள் ஊர்ப் படி ஏறியாக வேண்டும்.

விளைவை யோசித்துப் பாருங்கள். டி.வி.யைத் திறந்தால் லஜூன் விளம்பரம். விளம்பரம் கொடுத்த வக்கீல்களில் பெரும்பாலோர் இந்த மாநிலத்தில் கால் வைத்தே பார்க்காதவர்கள். இங்கே அதற்கு ப்ரோ ஹாக் விசே என்று கூடப் பெயர் இல்லை, "சிறப்பு ஆஜர் அறிவிப்பு" என்று ஒரு தாள். ஆனால் உள்ளூர்ப் பட்டியலில் உள்ள ஒரு வக்கீலோடு சேர்ந்துதான் கொடுக்க முடியும். ராலே, வில்மிங்டன் பக்கம் சும்மா உட்கார்ந்திருந்த சின்ன ஆபீஸ்களுக்கெல்லாம் போன் மேல் போன். நான் எடுத்த போன்களில் பாதி "உங்கள் கையெழுத்து மட்டும் போதும், வேலை முழுக்க நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதுதான். எங்கள் பாஸ் அப்படிக் கேட்டவர்களை எடுத்த எடுப்பில் மறுத்துவிடுவார். கையெழுத்துப் போட்டால் அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் அவர் பொறுப்பு. தப்பு என்றால் நீதிபதி கேட்பது சிகாகோக்காரரை இல்லை, இவரை.

இதில் உள்ளூர் வக்கீல் சுங்கம் வாங்குகிறவரா, ஜாமீன் கொடுக்கிறவரா என்று நீங்களே சொல்லுங்கள்.

நம்பர்1டோல்கேட்

ஜாமீன் கொடுக்கிறவரும் காசு வாங்கினால் அது சுங்கம்தான் அக்கா.

அட்லாண்டா அய்யனார்

இந்த இழையை நான்கு வருடம் முன்னால் பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் பணம் மிஞ்சியிருக்கும்.

சாட்டனூகா போய்விட்டுத் திரும்பும்போது, டென்னசி எல்லைக்குள் ஒரு மத்திய அரசு இலாகா வண்டி பின்னால் வந்து இடித்தது. எந்த இலாகா என்று சொல்லவில்லை, விடுங்கள். தோள்பட்டை எலும்பு, ஆறு மாதம் பிசியோ. என் வக்கீல் அட்லாண்டாக்காரர், தனியார் கார் விபத்துகளில் கெட்டிக்காரர். அரசு மேல் என்றால் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது, முதலில் படிவம் 95 கொடுத்து இலாகாவிடமே பணம் கேட்க வேண்டும், அதற்கு இரண்டு வருடக் கெடு என்பதையெல்லாம் சரியாகச் செய்தார். இலாகா மறுத்துக் கடிதம் அனுப்பியது. அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

விபத்து டென்னசி, அதனால் டென்னசி கோர்ட் என்று அவர் நினைத்துவிட்டார். அங்கே ஆள் தேடுவதிலேயே நாள் போனது. கெடு முடிய ஒன்பது நாள் இருக்கும்போதுதான் சாட்டனூகாவில் ஒருவர் கிடைத்தார். அவருக்கு ஒரு தொகை, தனியாக என்னிடமே வாங்கினார்கள். நானும் கொடுத்தேன். வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது.

ஒரு வருடம் கழித்து வேறு ஒரு வக்கீல் நண்பர் சாதாரணமாகச் சொன்னார்: "நீ குடியிருப்பது ஜார்ஜியா. அட்லாண்டாவிலேயே போட்டிருக்கலாமே." எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

கேரி அக்கா

அய்யோ அய்யனார், உங்கள் நண்பர் சொன்னது சரி. அரசுக்கு எதிரான இழப்பீட்டு வழக்கைச் சம்பவம் நடந்த மாவட்டத்திலும் போடலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலும் போடலாம். இழப்பீட்டுக்கு டென்னசிச் சட்டம்தான் பொருந்தும், ஆனால் அதை அட்லாண்டா நீதிபதியே படித்துத் தீர்ப்புச் சொல்வார். ஜூரி கிடையாது என்பதால் உள்ளூர் ஜூரி நம்மை எப்படிப் பார்ப்பார்களோ என்ற கவலையும் இல்லை.

இன்னொரு விஷயம், இது வயிற்றெரிச்சலைக் கூட்டும். அந்தச் சட்டத்தில் வக்கீல் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. இலாகாவோடேயே முடிந்தால் 20 சதவீதம், வழக்குப் போட்ட பிறகு 25. அதைத் தாண்டி வாங்கினால் 2,000 டாலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. லோக்கல் கவுன்சல் வாங்குவதும் வக்கீல் கட்டணம்தான். அந்தப் பங்கு 25-க்குள்ளிருந்து போயிருக்க வேண்டும், உங்கள் பையிலிருந்து தனியாக இல்லை. உங்களிடம் வாங்கியது செலவுக் கணக்கா, கட்டணக் கணக்கா என்று பழைய ரசீதை எடுத்துப் பாருங்கள். லஜூன் வழக்குகளுக்கும் இதே 20, 25 பொருந்தும் என்பதுதான் அரசின் நிலை. டி.வி. விளம்பர வக்கீல்கள் முகம் சுளித்ததற்கு அதுதான் காரணம்.

அட்லாண்டா அய்யனார்

ரசீதில் "இதர" என்று போட்டிருக்கிறது.

வைகைக்கரை வக்கீல்

உலகத்து வக்கீல்களுக்கெல்லாம் பொதுவான சொல் அது ஒன்றுதான்.

குடியிருக்கும் ஊரிலேயே வழக்கு என்பது எனக்குப் புதுச் செய்தி. எல்லா அரசு வழக்குக்கும் அப்படித்தானா?

கேரி அக்கா

எல்லாவற்றுக்கும் இல்லை சார், ஆனால் நிறையவற்றுக்கு. 1962 வரை, மத்திய அதிகாரியை "உன் வேலையைச் செய்" என்று கட்டாயப்படுத்தும் மாண்டமஸ் வழக்கை வாஷிங்டனில் மட்டும்தான் போட முடியும். அந்த வருடம்தான் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. நிலம் சம்பந்தப்படாத வழக்கு என்றால், வாதி குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்றார்கள். சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதிய வழக்கும் அப்படித்தான், மறுப்புக் கடிதம் வந்து 60 நாளுக்குள் சொந்த மாவட்டத்தில்.

எச்-1பி நண்பர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. சட்டத்தின் கண்ணில் "குடியிருப்பவர்" என்றால் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோதான் என்று பல நீதிமன்றங்கள் பார்க்கின்றன. பத்து வருடம் ஒரே ஊரில் வீடு வாங்கி இருந்தாலும், இந்தக் கணக்குக்கு நீங்கள் அங்கே குடியிருப்பவர் இல்லை. அதனால் அவர்களுக்கு எந்த ஊர்க் கோர்ட் என்பதே தனிப் பஞ்சாயத்து.

புதுவரவு2

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். என் அண்ணன் சென்னையில் ஹைகோர்ட் வக்கீல். அவர் எனக்காக இங்கே ஆஜராக முடியுமா? இல்லையென்றால் என் வீட்டுக்காரர் எனக்காகப் பேசலாமா? நன்றாகப் பேசுவார்.

கேரி அக்கா

அண்ணனால் முடியாது, அமெரிக்க மாநில உரிமம் வேண்டும். வீட்டுக்காரராலும் முடியாது. உங்கள் வழக்கை நீங்களே நடத்தலாம், சட்டம் அதை அனுமதிக்கிறது. ஆனால் வக்கீல் அல்லாத ஒருவர் இன்னொருவருக்காகப் பேச முடியாது, புருஷனாக இருந்தாலும். உங்கள் பெயரில் கம்பெனி வைத்திருந்தால், கம்பெனிக்காக நீங்களே கூட ஆஜராக முடியாது, வக்கீல்தான் வர வேண்டும்.

வரி வழக்கு என்றால் டாக்ஸ் கோர்ட் இருக்கிறது. அங்கே இந்த எல்லைத் தலைவலியே இல்லை. எந்த மாநில வக்கீலும் சேரலாம், தேர்வு எழுதிப் பாஸான வக்கீல் அல்லாதவர்களும் ஆஜராகலாம்.

ஓக்லாந்து ஓரம்

சுங்கமா ஜாமீனா என்ற சண்டையில் ஒரு மூன்றாவது கட்சி.

கோர்ட்டுக்கு வந்து எழுந்து நிற்பவருக்குத்தான் அனுமதி தேவை. பின்னால் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பவருக்கு? சோஷியல் செக்யூரிட்டி வழக்குகளில் இது சர்வ சாதாரணம். ஏனென்றால் அந்த வழக்கில் சாட்சி விசாரணை கிடையாது. ஆயிரம் பக்க மருத்துவக் கோப்பைப் படித்து அரசின் முடிவு ஏன் தப்பு என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். அதில் ஊறிய வக்கீல்கள் சில ஊர்களில்தான் இருக்கிறார்கள். உள்ளூர் வக்கீல் கையெழுத்துப் போடுவார், வெளிமாநிலத்தவர் எழுதுவார்.

ஜெயித்தால் அரசு சில சமயம் வக்கீல் கட்டணத்தைத் தர வேண்டிவரும். 1980-இல் வந்த சட்டம் அது. முதலில் மணிக்கு 75 டாலர், 1996-இலிருந்து 125 டாலர் என்று வைத்து, விலைவாசிக்கு ஏற்பக் கூட்டிக்கொள்ளலாம் என்றது. தென் கரோலினாவில் என்ன நடந்தது என்றால், எழுதிக் கொடுத்த வெளிமாநில வக்கீல்கள் ப்ரோ ஹாக் விசே வாங்கவில்லை, ஆகவே அவர்களுக்கு வக்கீல் ரேட் கிடையாது, பாராலீகல் ரேட்தான் என்று மாவட்ட நீதிமன்றம் குறைத்துவிட்டது. நான்காவது சர்க்யூட் 2011-இல் 'பிரீஸ்ட்லி எதிர் ஆஸ்ட்ரூ' வழக்கில் அதை மாற்றியது. வேலை வக்கீல் வேலை, செய்தவர் வக்கீல், கட்டணமும் வக்கீல் கட்டணம். எங்கள் பக்கம் ஒன்பதாவது சர்க்யூட்டும் அதற்கு முன்பே, 2009-இல், ஆரிகன் வக்கீல் ஒருவர் கலிஃபோர்னியா வழக்கில் பின்னால் இருந்து உதவிய விஷயத்தில் இதே போலச் சொல்லியிருக்கிறது. அது அரசு மேல் போட்ட வழக்கு இல்லை, ஆனால் நியாயம் ஒன்றுதான்.

அதாவது வாசலில் காவல் இருக்கிறது, சமையல்கட்டில் இல்லை. பிளேனோவாசி, உங்கள் வக்கீலிடம் இப்படி ஒரு ஏற்பாட்டைக் கேட்டுப் பாருங்களேன். டெக்சாஸ் வக்கீல் ஒருவர் முன்னால் நிற்கட்டும், உங்கள் வக்கீலம்மா எழுதிக் கொடுக்கட்டும்.

(பின்குறிப்பு: கேரி அக்கா, பாராலீகல் ரேட் என்று எழுதியதில் உள்நோக்கம் எதுவும் இல்லை!)

கேரி அக்கா

பரவாயில்லை, பழகிவிட்டது.

பிளேனோ தம்பி அந்தக் கட்டணத்தை நம்பி உட்கார வேண்டாம். வழக்குப் போட்டதும் துறை அவசரமாக முடிவு எடுத்து அனுப்பிவிட்டால், தீர்ப்பு என்று ஒன்று வராது. தீர்ப்பு இல்லாமல் வந்த வெற்றி வெற்றிக் கணக்கில் சேராது என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் 'பக்கானன்' வழக்கில் சொல்லிவிட்டது. நீங்கள் ஜெயிப்பீர்கள், பில் உங்களுக்கே வரும்.

டென்டன் டீக்கடை

ஒரு நிமிடம். எல்லோரும் மிசிசிப்பி, மதுரை என்று சுற்றி வந்துவிட்டீர்கள். பிளேனோவாசி, உங்கள் வீடு எந்தக் கவுண்டி?

பிளேனோவாசி

காலின். ஏன்?

டென்டன் டீக்கடை

அதுதானே பார்த்தேன்.

நேர்காணல் முடிந்து 120 நாளுக்குள் முடிவு வராவிட்டால், விண்ணப்பித்தவர் "குடியிருக்கும் மாவட்டத்தின்" ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாம் என்பதுதான் குடியுரிமைச் சட்டப் பிரிவு, 1447-இன் பி உட்பிரிவு. டாலஸ் கவுண்டி, டெக்சாஸ் வடக்கு மாவட்டத்தில் இருக்கிறது. காலின் கவுண்டி கிழக்கு மாவட்டம், ஷெர்மன் பிரிவு. பிளேனோவிலேயே அதற்கு ஒரு கோர்ட் கட்டடமும் இருக்கிறது. டாலஸ் நகரத்தின் வடக்கு நுனித் துண்டு ஒன்றே காலின் கவுண்டியில்தான் கிடக்கிறது. தபால் முகவரியில் டாலஸ் என்று இருக்கும், கோர்ட் ஷெர்மன்.

அந்த 50 மைல் விதி இருக்கிறதே, அது வடக்கு மாவட்டத்தின் உள்விதி. வழக்கு நடக்கும் கோர்ட்டிலிருந்து 50 மைலுக்குள் வீடோ முதன்மை அலுவலகமோ உள்ள ஒருவர் வேண்டும், வேண்டாம் என்றால் நீதிபதியிடம் தனி அனுமதி கேட்க வேண்டும். கிழக்கு மாவட்டத்தில் லோக்கல் கவுன்சல் கட்டாயம் என்று விதியே இல்லை. டெக்சாஸ் உரிமமும் தேவையில்லை. வேறு மாநில உரிமத்தை வைத்தே அங்கே பட்டியலில் சேரலாம், அல்லது ஒரு வழக்குக்கு மட்டும் அனுமதி கேட்கலாம்.

கிழக்கு மாவட்டத்தில்தான் மார்ஷல் என்ற சின்ன ஊர் இருக்கிறது. பேட்டன்ட் வழக்குகளுக்குப் பேர் போனது. நாட்டின் பெரிய பெரிய வக்கீல் கம்பெனிகள் அங்கே வந்து வழக்காடும். விதி இல்லாவிட்டாலும் அவர்கள் உள்ளூர் வக்கீல் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார்கள், அது அவர்கள் இஷ்டம். உங்கள் வழக்குக்கு அவ்வளவு ஜோடனை தேவையா என்று நீங்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வக்கீல் ஆபீஸில் யாரோ "பிளேனோ என்றால் டாலஸ்தானே" என்று நினைத்து, டாலஸ் கோர்ட் விதியைப் படித்திருக்கிறார்கள்.

பிளேனோவாசி

இப்போது எனக்கு நாற்காலி வேண்டும், உட்கார வேண்டும். வீட்டிலிருந்து ஆபீஸ் போகும் வழியில் தினமும் அந்த எல்லையைத் தாண்டுகிறேன். ஒரு போர்டு கூடப் பார்த்ததில்லை.

வைகைக்கரை வக்கீல்

எங்கள் ஊரில் இதற்கு இன்னும் அழகான வகைகள் உண்டு. கட்சிக்காரர் வீடு ஒரு தாலுகா, மாட்டுக் கொட்டகை இன்னொரு தாலுகா. மாடு முட்டினால் எந்த முன்சீப் கோர்ட் என்று மூன்று வாய்தா போயிருக்கிறது.

நம்பர்1டோல்கேட்

பார்த்தீர்களா அக்கா? ஜாமீன், பொறுப்பு, ஊர்க் காற்று என்றீர்கள். சாலையின் இந்தப் பக்கம் 50 மைலுக்குள் ஒருவர் கட்டாயம் வேண்டும், அந்தப் பக்கம் தேவையே இல்லை. இரண்டு பக்கமும் அதே அரசு, அதே சட்டம். அவ்வளவு முக்கியமான பாதுகாப்பு என்றால் ஒரு பக்கம் மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

நியூ ஹாம்ப்ஷயரில் 1985-இல் ஒரு வழக்கு. வக்கீல் தேர்வில் பாஸான பெண்ணை, வெர்மாண்டில் குடியிருக்கிறாய் என்று சொல்லிச் சேர்க்கவில்லை. அவர் வீட்டுக்கும் எல்லைக்கும் 400 கெஜம். உச்ச நீதிமன்றம் அந்தக் குடியிருப்பு விதியைத் தூக்கி எறிந்தது. இரண்டு வருடம் கழித்து, லூசியானா ஃபெடரல் கோர்ட் ஒன்று வைத்திருந்த "மாநிலத்துக்குள் வீடோ ஆபீஸோ வேண்டும்" என்ற விதியையும் எறிந்தது. அந்த 400 கெஜத்துக்கும் இந்த 50 மைலுக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு யாராவது சொல்லுங்கள்.

கேரி அக்கா

வித்தியாசம் இருக்கிறது. அந்த வழக்குகளில் தேர்வெழுதித் தகுதி பெற்றவரை, வீடு வெளியே இருக்கிறது என்று பட்டியலில் சேர்க்கவே மறுத்தார்கள். இங்கே யாரையும் வெளியே நிறுத்தவில்லை, கூட ஒருவரைக் கூட்டி வா என்கிறார்கள். ஒரு வழக்குக்கு மட்டும் அனுமதி என்பது வக்கீலின் அரசியலமைப்பு உரிமை இல்லை என்று 1979-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று, 'லீஸ் எதிர் ஃப்ளின்ட்'.

ஆனால் சாலையின் இரண்டு பக்கமும் வேறு வேறு விதி ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். 94 கோர்ட், 94 புத்தகம். எங்கள் ஆபீஸில் ஒரு அலமாரி முழுக்க அதுதான்.

நெறியாளர்

இருவரும் இந்த அளவோடு நிறுத்தினால் நல்லது. பிளேனோவாசி, முடிவு தெரிந்தால் இங்கேயே பதியுங்கள், புது இழை தொடங்க வேண்டாம்.

பிளேனோவாசி (ஏழு வாரம் கழித்து)

நெறியாளர் சொன்னபடி இங்கேயே.

டென்டன் டீக்கடை எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றி வக்கீலம்மாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் மௌனம். மூன்றாம் நாள் அவரே போன் செய்தார். "நல்லவேளை, தப்பான கோர்ட்டில் போட்டிருப்போம், அங்கிருந்து இங்கே மாற்றுவதற்குள் மாதக்கணக்கில் போயிருக்கும்" என்றார். கோபமில்லை, நேர்மையாக ஒப்புக்கொண்டார். லோக்கல் கவுன்சல் வரி பில்லிலிருந்து போய்விட்டது. கிழக்கு மாவட்டத்தில் அவரே அனுமதி வாங்கி வழக்கைப் பதிவு செய்தார். கோர்ட் கட்டணம் 405 டாலர். சம்மனை மூன்று இடத்துக்கு அனுப்பினார்கள்: இந்த மாவட்டத்தின் யு.எஸ். அட்டர்னி, வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரல், அப்புறம் துறை. அரசு பதில் சொல்ல 60 நாள் கெடு.

நேற்று அரசு வக்கீல் எங்கள் வக்கீலம்மாவைக் கூப்பிட்டு, துறையிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், இன்னும் ஒரு மாதம் அவகாசம் தர முடியுமா என்று கேட்டாராம். கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அந்த மெயிலை எனக்கும் அனுப்பியிருந்தார். கீழே அரசு வக்கீலின் அலுவலக முகவரி. பிளேனோ, ஈஸ்ட் பார்க் பொலிவார்டு. என் வீட்டிலிருந்து பத்து நிமிடம், நாங்கள் காய்கறி வாங்கப் போகிற வழி. என் வக்கீல் ஏறக்குறைய 1,500 மைல் தள்ளி.

நம்பர்1டோல்கேட்

அப்படியே ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்களேன்.

கேரி அக்கா

தம்பி, டோல்கேட் பேச்சைக் கேட்டுக் கிளம்பிவிடாதீர்கள். வக்கீல் வைத்திருக்கும் ஒருவரிடம் எதிர்த்தரப்பு வக்கீல் நேரடியாகப் பேசக் கூடாது, அது அவருக்குத்தான் வம்பு. காய்கறி மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.